கில்பெக்கில் நின்ற முதல் ரயில்

மெட்காஃப் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. சிக்னல் கேபின் சுவரில் கடிகாரம் பத்து இருபத்து நான்கு என்றது. மனிதர் கூப்பிட்டது பத்து ஐந்துக்கு, இந்த ஊர் வழக்கப்படி ‘லவ்’ போட்டு. "நாற்பது தாயாடு, லவ், குட்டிகளும் கூட. லைனைத் தாண்டி மேல் வயலுக்கு ஓட்டணும். பத்து நிமிஷம் போதும்." தவமலர் கால அட்டவணையை ஒரு தரம், கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சரி, மிஸ்டர் மெட்காஃப், கடவுங்கள். கடந்து முடிந்ததும் கூப்பிடுங்கள்" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பத்தொன்பது வருடமாகச் சொல்கிறாள். அவரும் பத்தொன்பது வருடமாகக் கூப்பிடுகிறார். தண்டவாளத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு படலைக் கதவு, படலைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு டெலிபோன். ஆட்டோடு கடக்கிறவன் கடக்குமுன் கேட்க வேண்டும், கடந்தபின் சொல்ல வேண்டும். சொல்லாதவரை ஆடுகள் தண்டவாளத்தில்தான் நிற்கின்றன என்று சிக்னல்காரி எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சட்டம், ஒரு குழந்தைக்கும் விளங்கும். ஆனால் இன்றைக்கு, இத்தனை சனிக்கிழமைகள் கிடக்க இந்தச் சனிக்கிழமை, ஐம்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு இந்தப் பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வருகிறது. ஹாரோபியில் பத்து இருபத்தாறுக்குப் புறப்படும், கில்பெக் கேபினைப் பத்து முப்பத்தாறுக்குத் தாண்டும், மெட்காஃபின் படலையைத் தாண்டும், பத்து நாற்பத்தைந்துக்கு ஆஸ்க்டேலில் போய் நிற்கும். அங்கே பித்தளை வாத்தியக்காரர்கள் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். மெட்காஃப், மனிதரே, கூப்பிடுங்கோவன். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைக்கவா பார்க்கிறீர்கள்.

படலை டெலிபோனுக்கு அவளே அடித்துப் பார்த்தாள். அங்கே ஈரப் புல்லுக்கு நடுவில் அந்தத் தகரப் பெட்டி கத்துவது அவளுக்கு இங்கிருந்தே கேட்பதுபோல் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பண்ணை வீட்டுக்கு அடித்தாள். அங்கேயும் மணி போய்க்கொண்டே இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சரி, சறுக்கட்டும், மனிதர் மறந்திருப்பார், ஆடுகளை மேல் வயலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். போயிருப்பார். எழுபத்தெட்டு வயது. போயிருப்பார் என்று மனம் ஒரு பக்கம் சொல்ல, இன்னொரு பக்கம் மெட்காஃப் தண்டவாளத்துக்கு நடுவில் விழுந்து கிடந்தார், இடுப்பெலும்பு முறிந்து, தொப்பி ஒரு பக்கம், நாய் பக்கத்தில் குந்தியிருந்து அவர் முகத்தை நக்குகிறது. அதை அழித்தாள். உடனே ஒரு குட்டியின் கால் மரப்பலகைக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்டது, தாயாடு விட்டுப் போகமாட்டேன் என்கிறது, மற்ற ஆடுகள் அதைச் சுற்றி மொய்க்கின்றன. அதையும் அழித்தாள். மழைக்காலத்தில், பனிக்காலத்தில், மனைவி செத்த கிழமையில்கூட மறக்காத மனுஷன். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கூப்பிட்டு, "எல்லாம் கடந்தாச்சு, லவ், நன்றி" என்று சொல்லிவிட்டு, வைக்காமல் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், அவளும் வைக்காமல் இருந்தாள். அப்படிப்பட்டவர் இன்றைக்கு மறந்தார் என்றால் நம்புவதா, இல்லை அவர் மறக்கவில்லை, கூப்பிட முடியாமல் கிடக்கிறார் என்று நம்புவதா? மணி அடித்தது. மூன்று தரம், ஒரு இடைவெளி, பிறகு ஒரு தரம். ஹாரோபி கேபின்காரர் கேட்கிறார்: பயணி ரயில் ஒன்று, எடுத்துக்கொள்கிறாயா? பத்தொன்பது வருடத்தில் இந்தக் கேபினில் அந்த மணியை அவள் கேட்டதில்லை. குவாரிக் கல் ஏற்றும் ரயிலுக்கு வேறு மணி. பயிற்சிப் பள்ளியில் அடித்துப் பழகியதோடு சரி. கண் ஏன் கலங்குகிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டு, அதே மூன்றும் ஒன்றுமாகத் திருப்பி அடித்தாள். தன் சிக்னல் கைகாட்டி வரைக்கும் அது வரலாம். அதற்கப்பால் என்ன என்பதுதான் கேள்வி.

அதற்கப்பால் இருப்பது ஒரு வளைவு. அந்த வளைவின் கதையை ஆஸ்க்டேல் ஊர்மண்டபத்தில் படம் போட்டுச் சொன்னதே தவமலர்தான். யாழ்ப்பாணத்து மண்ணும் யார்க்‌ஷயர் ஆட்டுப்புழுக்கையும் சம அளவில் கலந்த அவளுடைய ஆங்கிலத்தில், தேநீரும் கேக்கும் நடுவில், அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே அவர்கள் ஊரைச் சொன்னாள். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டில் ஈயச் சுரங்கத்துக்காகவும் கம்பளி மூட்டைக்காகவும் இந்தப் பாதையைப் போட்டார்கள். நேராகப் போட்டிருந்தால் ஒரு மைல் மிச்சம். ஆனால் அந்தப் பக்கத்துப் பிரபு, தன் சாப்பாட்டு அறை ஜன்னலில் புகை தெரியக்கூடாது என்றார். பிரபு சொன்னால் மலை வளையாது, தண்டவாளம் வளையும். வளைந்த தண்டவாளம் மெட்காஃபின் பாட்டனுக்குப் பாட்டனுடைய பண்ணையை நடுவால் பிளந்துகொண்டு போனது. வீடு கீழே, மேய்ச்சல் மேலே. அந்த ஆள் கோர்ட்டுக்குப் போகவில்லை, கம்பனி வாசலில் போய் நின்றார். எனக்கு வழி தா. கம்பனி இரண்டு படலையும் ஒரு வாக்கும் கொடுத்தது: நீயும் உன் சந்ததியும் உன் ஆடும் எந்த நாளும் கடக்கலாம். பிரபுவின் மாளிகையில் இப்போது புறாவும் இல்லை. ஈயச் சுரங்கம் மூடிக் கிடக்கிறது. அந்த வாக்கு மட்டும் இன்னும் செல்லும். நடுவில் ஒரு வருடம் மூடுபனியில் முப்பத்தொரு ஆடு அடிபட்டுச் செத்த பிறகுதான் டெலிபோன் வந்தது. அதற்கு முன்பெல்லாம் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கடந்தார்களாம். இதை அவள் சொன்னபோது முன்வரிசையில் மெட்காஃப் எழுந்து நின்று, "என் அப்பாவுக்கு அதனால்தான் ஒரு காது எப்போதும் சில்லென்றிருக்கும்" என்றார், மண்டபமே சிரித்தது. பிறகு அவளிடம் வந்து, எங்கள் வீட்டுக் கதையை எங்களுக்கே எங்கிருந்து கண்டுபிடித்தாய் என்று கேட்டார். பழைய வரைபடங்களிலிருந்து, தேவாலயப் பதிவுகளிலிருந்து, ஹாரோபி நூலகத்தில் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் கொடுத்து என்று சொல்லியிருக்கலாம். சும்மா சிரித்தாள். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் இருக்கக்கூடாது? பத்து இருபத்தாறு. கூப்பிடுங்கோ மனிதரே.

எழுந்து லிவர்களின் வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். இருபத்திரண்டு லிவர்கள், அவள் நெஞ்சு உயரம், கைப்பிடியெல்லாம் கண்ணாடிபோலத் துலங்கும். வெறுங்கையால் இவற்றைத் தொடக்கூடாது என்பது தொழில் ஒழுக்கம். வேர்வை பட்டால் உருக்கு துருப்பிடித்துவிடும், துணி பிடித்துத்தான் இழுக்க வேண்டும். மற்றக் கேபின்காரர்கள் கம்பனி கொடுத்த துணியை வைத்திருக்கிறார்கள். இவளிடம் இருப்பது புருஷன் நடேசன் உடுத்துக் கிழிந்த சாரத்தின் ஒரு துண்டு, நீலத்தில் பச்சைக் கோடு. பருத்தி என்றால் அதுதான் பருத்தி. யுத்தக் காலத்தில், நாற்பத்துநாலில், எட்னா என்று ஒருத்தி இதே இடத்தில் நின்று இதே லிவர்களை இழுத்தாள் என்று கேள்வி. ஆண்கள் திரும்பி வந்ததும் கை குலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்னாவுக்கு ஆட்களை ஏற்றிய ரயில்கள் கிடைத்தன. அறுபத்துமூன்றில் லண்டனில் ஒரு அறிக்கை எழுதி, லாபமில்லாத பாதையெல்லாம் மூடு என்றார்கள். அறுபத்தாறில் ஆஸ்க்டேலுக்குக் கடைசிப் பயணி ரயில். ஸ்டேஷன்களை இடித்தார்கள், கில்பெக் பிளாட்பாரத்தில் புல் முளைத்தது. கல் குவாரி ஒன்று இருந்த புண்ணியத்தில் தண்டவாளமும் இந்தக் கேபினும் தப்பின. ஆகவே தவமலருக்குக் கிடைத்ததெல்லாம் கல். பத்தொன்பது வருடம் கல்லை அனுப்பிக் கல்லை வாங்கினாள். கல் நேரம் கேட்காது, குறை சொல்லாது, ஜன்னல் வழியே கையும் காட்டாது. அதற்காக அவள் ஒரு நாளும் அரைகுறையாக வேலை செய்ததில்லை. உள்ளே ராணியே இருக்கிறாள் என்பது போலத்தான் ஒவ்வொரு கல் ரயிலுக்கும் கைகாட்டியை இறக்கினாள். பயிற்சிப் பள்ளியில் நேர்முகம் வைத்தவன் கேட்டான்: தனியாக, ஒரு கேபினில், எட்டு மணிநேரம், உங்களால் தாங்க முடியுமா? அவள் சிரித்துவிட்டாள். இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேரோடு இருந்தவளுக்கு எட்டு மணிநேரத் தனிமையைச் சம்பளமும் தந்து கொடுக்கிறார்களாம், தாங்க முடியுமாவாம். தனிமை அல்ல கஷ்டம். மனம்தான். மனம் அலையக்கூடாது என்பதுதான் இந்த வேலை, அலையாத மனம் எங்கே இருக்கிறது? அலைய விட்டு, மணி அடித்தவுடன் ஒரே இழுப்பில் திரும்ப இழுத்துக்கொண்டு வருவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

இரண்டு தரம் மணி. ரயில் ஹாரோபியை விட்டுவிட்டது. பத்து இருபத்தாறு, சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி. அதற்குள் கன்ட்ரோல் டெலிபோன். கன்ட்ரோல் என்றால் நாற்பது மைலுக்கு அப்பால் ஒரு கட்டடத்தில் இருபது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கீத்; நல்ல பையன் என்று சொல்ல முடியாது, வயது நாற்பத்தைந்து, நல்ல மனிதன், பதற்றக்காரன். "மங்களகரமான நாள், மலர்! எல்லாம் பச்சைதானே? டிவிக்காரர்கள் பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். மேயர் கழுத்துச் சங்கிலி போட்டுக்கொண்டு முதல் பெட்டியில்." தவமலர் சொன்னாள்: "பச்சை இல்லை, கீத். மெட்காஃபின் படலையிலிருந்து எனக்குக் கடந்தாச்சு என்று தகவல் வரவில்லை." கீத் கேட்டான்: "எப்போது கடந்தார்?" "பத்து ஐந்து." "அப்படியானால் எப்போதோ போயிருப்பார்." "போயிருப்பார்" என்று அவளும் சொன்னாள், "போய்விட்டார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை." கீத் பெருமூச்சு விட்டான். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. கூப்பிட்டுக்கொண்டே இரு. மலர், தயவுசெய்து, இன்றைக்கு மட்டும்." இன்றைக்கு மட்டும் என்றால்? வாக்கியத்தை முடிக்காமல் வைத்துவிட்டான். முடிக்காத பாதியை அவளை முடிக்கச் சொல்கிறான், கெட்டிக்காரன். படலைக்கு அடித்தாள். பண்ணைக்கு அடித்தாள். மறுபடி படலைக்கு. அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்த அவளுடைய கைத்தொலைபேசி தகரத்தில் அதிர்ந்தது. கடமை நேரத்தில் அதைத் தொடக்கூடாது, தொடவும் வேண்டாம், யார் என்று தெரியும். நடேசன். விடிய நாலு மணிக்கு எழும்பி ஷேவ் எடுத்து, கலியாணத்துக்குப் போகிறவர் மாதிரி கோட்டுப் போட்டு, டிக்கெட்டை மூன்று தரம் எடுத்துப் பார்த்து வைத்தவர். "முதல் ரயிலில முதல் பெட்டி. நான் ஜன்னலால கை காட்டுவன், நீர் காட்டத் தேவையில்லை, கடமையைப் பாரும்" என்றார். "இஞ்சருங்கோ, அது ரயில், கோயில் தேரில்லை. இருந்த இடத்தில இருங்கோ" என்றாள் இவள். "என்ரை மனுசி சிக்னல் போட்டு நான் போறன், இந்த ஊரில வேற ஆருக்கு அந்தக் குடுப்பினை?" என்று கேட்டுவிட்டு, வாசலில் நின்று திரும்பி, "நிப்பாட்டிப் போடாதையும், என்ன?" என்று கண்ணடித்தார். பகிடி. பகிடியாகத்தான் சொன்னார்.

பத்து முப்பத்திரண்டு. ஜன்னலைத் திறந்தாள், குளிர்காற்று வந்தது, அதோடு அந்த மணமும் வந்தது. புது ரயிலுக்காகப் போன மாதம் கேபினுக்குக் கீழே தண்டவாளம் தாங்கும் பழைய சிலிப்பர் கட்டைகள் சிலவற்றைக் கழற்றி அடுக்கியிருந்தார்கள், வெயில் பட்டால் தார் மணக்கும். சித்திரை வெயில்தான், இந்த நாட்டில் அதை வெயில் என்று சொல்ல வாய் கூசும், இருந்தாலும் மணக்கிறது. மணந்தால் அவள் பிறந்த ஊரான கொடிகாமத்தில் இருப்பாள், பங்கருக்குள், தலைக்கு மேலே ஆறு சிலிப்பர் கட்டை, அதற்கு மேல் மண்மூட்டை, அம்மா வாய்க்குள் தேவாரம் முணுமுணுக்க, மேலே விமானச் சத்தம். தொண்ணூறில் யுத்தத்தால் ரயில் நின்றது. நின்ற ரயிலின் பாதையை ஊர் எடுத்துக்கொண்டது. ஒருவர் இருவர் என்றில்லை, எல்லோருமாக. தண்டவாளம் உத்தரமாகப் போனது, கட்டை பங்கராகப் போனது. தவமலரும் தூக்கினாள். தம்பி ஒரு தலைப்பு, இவள் ஒரு தலைப்பு, கால் மைல் தூரம், தோள் தோலுரிந்து தார் ஒட்டி இரண்டு கிழமைக்குப் போகவில்லை. தூக்கியதற்கு அவள் வெட்கப்பட்டதில்லை. அந்தக் கட்டை இல்லாவிட்டால் அவள் இன்றைக்கு இல்லை. ஆனால் ஒரு பாதையை ஒரு நாள் தோளில் சுமந்து கொண்டுபோன ஆளுக்குத்தான் தெரியும், பாதை என்பது எத்தனை லேசாகக் காணாமல் போகும் என்று. அதிகாரி எழுதினாலும் போகும், ஊர் தூக்கினாலும் போகும். திரும்பி வருவதுதான் அதிசயம். கொடிகாமத்துக்கு இருபத்துநாலு வருடத்தில் வந்தது. இங்கே ஐம்பத்தெட்டு வருடம், எத்தனை மனு, எத்தனை கேக் விற்பனை, மழைக்குள் எத்தனை கையெழுத்து. வந்த ரயிலை வாசலில் நிறுத்தி வைப்பாளா ஒருத்தி? நிறுத்தினால் என்ன சொல்வார்கள்? யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், அதுதான் இந்த ஊர். மழையைப் பற்றிப் பேசுவார்கள். பேசிக்கொண்டே, அந்த வெளிநாட்டுப் பொம்பிளை, சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவள், எங்களுடைய நாளைக் கெடுத்தாள் என்று நினைப்பார்கள். ஊர் வாயை மூடலாம், ஊர் மனதை மூட உலைமூடி உண்டா? கை தன்பாட்டில் சாரத் துண்டைப் பதினாலாம் லிவரில் சுற்றியிருப்பதைக் கண்டாள். இழுத்தால் கைகாட்டி இறங்கும், ரயில் போகலாம். இரண்டு செக்கன். ஆடுகள் போயிருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போயிருக்கும். மிச்சமிருக்கிற அந்த ஒன்றில் மெட்காஃப் விழுந்து கிடக்கிறார், வளைவு வேறு, டிரைவருக்குக் கடைசி நிமிஷம் வரை தெரியாது, முதல் பெட்டியில் மேயரும் நடேசனும். பயம் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். வைக்கிறவர்கள் வைக்கட்டும். துணியை அவிழ்த்து, மடித்து, தோளில் போட்டுக்கொண்டாள். நிற்கட்டும் ரயில்.

நின்றது. பத்து முப்பத்தாறுக்கு, துடைத்து மினுக்கிய நாலு பெட்டி, முன்னால் பூமாலை, கேபினுக்கு நேர் எதிரே கைகாட்டியின் காலடியில் வந்து முக்கிக்கொண்டு நின்றது. பத்தொன்பது வருடம் கல்லையே பார்த்த கண்ணுக்கு முன்னால் ஜன்னலெல்லாம் முகங்களாக இருந்தது. குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கொடியாட்டினார்கள்; இது வரவேற்பு நிறுத்தம் என்று நினைத்திருப்பார்கள். முதல் பெட்டியில் தங்கச் சங்கிலி ஒன்று எழுந்து எட்டிப் பார்த்தது. அதற்குப் பின்னால் நடேசன், ஆட்டுவதற்கு உயர்த்திய கை உயர்த்தியபடியே இருக்க, வாய் திறந்தபடி. இருங்கோ, இருந்த இடத்தில இருங்கோ. ரேடியோவில் டிரைவர் டோனி: "காலை வணக்கம், கில்பெக். என்ன விஷயம்?" சொன்னாள். மெட்காஃபின் படலையில் ஆடு கடந்ததாகத் தகவல் இல்லை, மனிதருக்கு என்ன ஆனதென்றும் தெரியவில்லை. நீ மெதுவாக, பார்த்த தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் போய், படலையில் நிலவரம் என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டும். ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லு. டோனி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னான். நடுவில் கன்ட்ரோல் டெலிபோன் அலறியது; அலறட்டும் என்று விட்டு, டோனி சொல்லி முடித்ததும் எடுத்தாள். கீத் கெஞ்சவில்லை, கத்தினான். "மலர், மேலிடத்திலிருந்து மூன்று பேர் என் தலைக்குப் பின்னால் நிற்கிறார்கள்! அந்தக் கிழவன் இந்நேரம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பான்! வழக்கமான வேகத்தில் விடு, நேரத்தைப் பிடித்துவிடலாம்!" தவமலர் சொன்னாள்: "கீத், அவர் டீ குடிப்பதை நீ பார்த்தாயா?" "இல்லை, ஆனால்" என்று இழுத்தான். "நானும் பார்க்கவில்லை. ரயில் மெதுவாகத்தான் போகும்." குரலை உயர்த்தாமல் வைத்தாள். அதற்குப் பிறகுதான் துணியைச் சுற்றி, காலை முன்வைத்து, பதினாலை இழுத்தாள். கம்பி அதிர்ந்து போய் அங்கே கைகாட்டி இறங்கிற்று. நாலு பெட்டியும் நடைவேகத்தில், நடுக்கத்தோடு நடக்கிற கிழவியைப் போல, அவள் ஜன்னலைத் தாண்டிப் போயின. நடேசன் கை காட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு போனார், கோபமா என்னவென்று அவளால் மட்டுக்கட்ட முடியவில்லை, அதுதான் உள்ளே குத்தியது.

பிறகு ஒன்றும் இல்லை, காத்திருப்பு. படலைக்கு முக்கால் மைல். தேநீர்க் கேத்தலைப் போட்டாள், அணைத்தாள். மெட்காஃப் அங்கே விழுந்து கிடந்தால் நல்லது என்று ஒரு நினைவு வந்தது, வந்ததைக் கண்டு திடுக்கிட்டாள். என்ன நினைப்படி இது? தன்னைச் சரியென்று காட்டுவதற்கு ஒரு கிழவனுடைய எலும்பு முறிய வேண்டுமா? சரி, எலும்பு வேண்டாம், ஒரு ஆடு. ஒரே ஒரு ஆடு தண்டவாளத்தில் நின்றால் போதும், கீத் வாயடைத்துப் போவான், மேயர் பேச்சில் அதைச் சொல்வார், ஊர் கை தட்டும். ஆடும் வேண்டாம், சீ. ஆடு நின்றாலும் நிற்காவிட்டாலும் பத்து முப்பத்தாறில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தெரியாது. தெரியாதபோது நிறுத்து என்றுதான் அவளை இந்தக் கேபினில் வைத்திருக்கிறார்கள். தெரிந்தபோது கைகாட்டியை இறக்குவதற்கு ஆள் தேவையில்லை, அதை ஒரு மெஷின் செய்யும். பத்து ஐம்பத்தொன்றுக்கு ரேடியோ கரகரத்தது. "கில்பெக், படலையில் நிற்கிறேன். இரண்டு படலையும் பூட்டிக் கிடக்கிறது. ஆடு இல்லை, ஆள் இல்லை. ஆடுகள் எல்லாம் மேல் வயலில் மேய்கின்றன. லைன் சுத்தம்." டோனியின் குரலில் கேலி இல்லை; அதற்கு நன்றி. "நன்றி, டிரைவர். வழக்கமான வேகத்தில் போகலாம்" என்றாள். கதிரையில் உட்கார்ந்தாள். ஒன்றுமே இல்லை. பூட்டிய படலை, மேயும் ஆடு, அதற்காக ஐம்பத்தெட்டு வருடம் காத்த ஊரை இன்னும் பதினாலு நிமிஷம் காக்க வைத்தாள். வெட்கம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வருவதற்கு வழியை விட்டும் பார்த்தாள். வரவில்லை. வந்தது நடேசன் பார்த்த பார்வை ஒன்றுதான். அதுவும் யோசிக்க யோசிக்கக் கோபமாகத் தெரியவில்லை. மனுசன் இன்றைக்குப் பார்த்த மாதிரி அவளை ஒருநாளும் பார்த்ததில்லை, கலியாண வீட்டில்கூட.

பத்து ஐம்பத்தொன்பதுக்கு ஆஸ்க்டேலில் ரயில் சேர்ந்த வெளிச்சம் பலகையில் எரிந்தது. இரண்டு நிமிஷம் கழித்து வெளி டெலிபோன், பின்னால் வாத்தியச் சத்தம், முன்னால் மூச்சு வாங்கும் குரல். "லவ், நான் மெட்காஃப். ஆஸ்க்டேல் பிளாட்பாரத்திலிருந்து பேசுகிறேன், யாருடையதோ போன். ஆடுகளை விட்டுவிட்டு, குளித்து டை கட்டிக்கொண்டு முதல் ரயிலைப் பார்க்க ஓடி வந்தேன். ரயில் வரவில்லை, வரவில்லை என்று எல்லோரும் சொல்ல, நின்றுகொண்டே இருந்தவனுக்குச் சட்டென்று நினைவு வந்தது. உனக்குச் சொல்லவில்லையே! என்னால்தானே?" தவமலருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, உயிரோடு இருக்கிறார், டை கட்டியிருக்கிறார். "எலும்பெல்லாம் நலமா, மிஸ்டர் மெட்காஃப்?" என்று கேட்டாள். "எலும்பா? ஏன் எலும்புக்கு என்ன?" என்றார் அவர். "ஒன்றுமில்லை. போய் வாத்தியத்தைக் கேளுங்கள்." வைத்த கையோடு கன்ட்ரோல். கீத்தின் குரல் இறங்கியிருந்தது, பக்கத்தில் நின்ற மூவரும் போய்விட்டார்கள் போலும். "மலர், கேள். பதினாலு நிமிஷத் தாமதம், காரணம் எழுத வேண்டும், பத்திரிகைக்காரர்களுக்கும் அதுதான் போகும். மெட்காஃப் பெயரைப் போட்டால் கிழவனை ஊர் சும்மா விடாது, உன் பெயரைப் போட்டால் உன்னை விடாது. சிக்னல் பழுது என்று போட்டுவிடுகிறேன். யாருக்கும் நோகாது. இந்த நாட்டில் தினமும் ஆயிரம் பேருக்குச் சொல்கிற காரணம்தானே." நல்ல மனிதன், அவளைக் காப்பாற்றப் பார்க்கிறான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். கல்யாணம் செய்யலாம், ரயில் விடமுடியாது. தவமலர் கதிரையை விட்டு எழுந்தாள். இருபத்திரண்டு லிவரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன. "கீத், என் சிக்னலில் பழுது இல்லை. நூற்றறுபது வருடமாக இந்தப் பாதையில் நிற்கிற கைகாட்டி இன்றைக்கு வேலை செய்தது, அதனால்தான் ரயில் நின்றது. லைன் சுத்தமா என்று சிக்னல்காரிக்குத் தெரியவில்லை, தெரியும்வரை நிறுத்தினாள். அப்படி எழுது. பெயரையும் எழுது." கீத் எதையோ தட்டித் தேடும் சத்தம் கேட்டது. "அப்படியொரு காரணம் பட்டியலில் இல்லை, மலர்."

"இல்லையென்றால் சேர்" என்றாள்.